பரோடாக் குழந்தைகள் தந்த அளவுகோல்

இந்தியக் குழந்தையின் வளர்ச்சியை இந்தியக் குழந்தைகளோடு ஒப்பிட்டே அளக்க வேண்டும் என்பதைச் செய்து காட்டியவர் உளவியல் அறிஞர் பிரமிளா பாடக். பரோடா மகாராஜா சயாஜிராவ் பல்கலைக்கழகத்தின் குழந்தை வளர்ச்சித் துறையே அவருடைய ஆய்வுக் களம்.

அமெரிக்காவில் நான்சி பெய்லி, 1928இல் பெர்க்லியில் தொடங்கிய நீண்டகால ஆய்வின் அனுபவத்தோடு கைக்குழந்தைகளுக்கான அளவுகோலை உருவாக்கி 1969இல் வெளியிட்டார். அதில் உள்ள வயதுக் கணக்கை அப்படியே இங்கே பொருத்தினால் என்ன ஆகும்? தூளியிலும் இடுப்பிலும் வளரும் பிள்ளை, தரையில் விடப்பட்டு வளரும் பிள்ளையோடு ஒப்பிடப்படும். காணாத விளையாட்டுச் சாமானைக் கண்டு தயங்குவதும் அறிவுக் குறையாகப் பதிவாகிவிடும். பரோடாக் குழந்தைகளைச் சோதித்து அவர்களுக்குரிய வயது நியமங்களை வகுத்தார் பாடக். அவர் வகுத்த பரோடா அளவுகோல் 1997இல் திருத்தப்பட்டு வந்தது. பிறப்பு முதல் 30 மாதம் வரையிலான குழந்தைகளுக்கு உடலியக்கத்தில் 67, மனவளர்ச்சியில் 163 என 230 செயல்கள் அதில் உள்ளன. கழுத்து நிற்பது, தவழ்வது, மறைத்த பொருளைத் தேடுவது, கேட்ட சொல்லைப் புரிந்துகொள்வது என எல்லாம் கண்ணால் பார்த்துக் குறிக்கக்கூடியவை. ஒவ்வொரு செயலையும் 3, 50, 97 விழுக்காட்டுக் குழந்தைகள் எந்த வயதில் செய்கிறார்கள் என்பதுதான் அடிப்படை. குழந்தை எட்டிய வளர்ச்சி வயதை உண்மை வயதால் வகுத்து 100ஆல் பெருக்கினால் வளர்ச்சி ஈவு கிடைக்கும். குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு வயதைத் திருத்திக் கணக்கிட வேண்டும். மறந்தால் நல்ல பிள்ளையும் பின்தங்கியதாகத் தெரியும்.

மனித உருவம் வரையச் சொல்லி அறிவு வளர்ச்சியைக் கணிக்கும் சோதனையையும் அவர் இந்தியச் சிறுவர்களுக்கு ஏற்ப அமைத்தார்.

முழு அளவுகோலுக்குப் பயிற்சியும் நேரமும் வேண்டும். அதனால் 54 செயல்கள் கொண்ட பரோடா முன்சோதனை 1991இல் வந்தது. அதே ஆண்டில் கேரளத்துக் குழந்தை மருத்துவர் எம்.கே.சி. நாயரும் குழுவினரும் பரோடா நியமங்களிலிருந்து 17 செயல்களை எடுத்துத் திருவனந்தபுரம் அட்டவணையை உருவாக்கினர். பென்சிலும் சாவிக்கொத்தும் போதும். குழந்தையின் வயதுக்கு நேராகப் பென்சிலை நெடுக்காக வைத்தால், அதற்கு இடப்பக்கம் முடிந்துவிடும் செயல்கள் அனைத்தையும் குழந்தை செய்ய வேண்டும். சிற்றூர்ச் சுகாதார ஊழியரும் சில நிமிடங்களில் முடித்துவிடலாம். ஆராய்ச்சி ஏழைத் தாயின் வாசலுக்கு வந்து சேர்ந்தது இந்தச் சுருக்கத்தால்தான். முழு அளவுகோலைவிட இதைப் பெரிய சாதனை என்றே சொல்லலாம்.

குழந்தைக்குப் பொருந்தும் அளவுகோல் வேண்டும் என்பது மலேசியத் தமிழ்க் குழந்தைகளுக்கும் பொருந்தும். மலேசியாவில் தாய்சேய் நலக் கிளினிக்குகள் 18 மாதத்திலும் 3 வயதிலும் ஆட்டிசத்துக்கான கேள்விப் பட்டியலைப் பயன்படுத்துகின்றன. அது ஆட்டிசத்தின் அறிகுறிகளைத் தேடுவது. உட்காருவது, நடப்பது போன்ற பொது வளர்ச்சியை முழுமையாக அளப்பதற்காக ஏற்பட்டதல்ல. அங்கே கோலசிலாங்கூர்ச் செம்பனைத் தோட்டங்களை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்ந்த மண். தோட்டக் குழந்தைக் காப்பகமான ஆயாக் கொட்டகையில் வளர்ந்தவர்களின் பேரப்பிள்ளைகள் வீட்டில் கேட்பது தமிழ். பூனையைக் காட்டு என்றால் சட்டென்று காட்டும் குழந்தை, மலாயில் கேட்டால் விழிக்கலாம். அதைப் பேச்சுத் தாமதம் என்று எழுதுவது அநியாயம். வீட்டு மொழியில் கேட்பதும், பதில் சொல்லும் தாய்க்குக் கேள்வி விளங்கியதா என்று பார்ப்பதும் சோதனையின் பகுதியே.

முன்சோதனையில் ஒரு குழந்தை பின்தங்கினால் அதுவே நோய் முடிவு ஆகிவிடாது. முதலில் காது கேட்கிறதா, கண் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு விரிவான சோதனை, தேவையானால் பேச்சுப் பயிற்சியும் தொழில்வழிச் சிகிச்சையும். மூளை வேகமாக வளரும் முதல் மூன்று ஆண்டுகளுக்குள் இவை தொடங்கினால் பயன் அதிகம்.