வன்னீரும் உப்புத் தொட்டியும்

பதுளையில் பிறந்து வளர்ந்த என் ராத்தா, திருமணமாகி மஹியங்கனைப் பக்கத்துக் கிராமம் ஒன்றுக்குப் போன முதல் வாரத்திலேயே தொலைபேசியில் முறைப்பட்டார். "இங்க சவுக்காரம் நுரைக்குதே இல்ல. கேத்தல் உள்ளுக்கெல்லாம் வெள்ளை வெள்ளையாப் படியுது."

இரண்டு ஊர்களும் பதுளை மாவட்டத்திலேயே இருக்கின்றன. ஆனால் தண்ணீர் வேறு. 2036 மீற்றர் உயரமான நமுனுகுல போன்ற மலைகளிலிருந்து விரைந்து இறங்கும் ஓடை நீருக்குப் பாறையைக் கரைக்க நேரம் போதாது. சமவெளிக் கிணற்று நீரோ நிலத்தடியில் நீண்ட காலம் தங்கி, பாறையிலுள்ள கல்சியத்தையும் மகனீசியத்தையும் கரைத்துக்கொள்கிறது. பாடப் புத்தகத்தில் நாம் படிக்கும் வன்னீர் இதுதான். அதன் வன்மையை, ஒரு லீற்றரில் எத்தனை மில்லிகிராம் கல்சியம் காபனேற்றுக்குச் சமன் என்று அளப்பார்கள். 60க்குக் குறைந்தால் மென்னீர். 180ஐத் தாண்டினால் மிக வன்மையான நீர்.

மச்சான் ஒரு மென்னீராக்கும் இயந்திரம் வாங்கிப் பூட்டினார். அதை விளங்கிக்கொள்வது கடினமல்ல. உயரமான உருளைக்குள் சிறிய பிசின் மணிகள் நிறைந்திருக்கும். அம்மணிகள் சோடியம் அயன்களைப் பிடித்துவைத்திருக்கும். வன்னீர் அவற்றினூடே செல்லும்போது கல்சியமும் மகனீசியமும் மணிகளில் ஒட்டிக்கொள்ள, அவற்றுக்குப் பதிலாகச் சோடியம் நீருக்குள் வரும். அதாவது அது வடிகட்டியல்ல, ஒரு பண்டமாற்றுக் கடை. கையிருப்புச் சோடியம் தீர்ந்தால் கடை மூடப்படும். அப்போது பக்கத்துத் தொட்டியிலுள்ள செறிந்த உப்பு நீர் மணிகளைக் கழுவி, கல்சியத்தை வெளியேற்றி, சோடியத்தை மீண்டும் நிரப்பும். இதனை மீளுருவாக்கம் என்பர்.

சில மாதங்களில் சவர்க்காரம் பழையபடி நுரைக்க மறுத்தது. தொட்டியைத் திறந்து பார்த்தால் உப்பு நிறைய இருந்தது. விடுமுறைக்குப் போயிருந்த நான் தும்புத்தடியின் பிடியால் மெதுவாகக் குத்திப் பார்த்தேன். மேலே கட்டியாக இறுகிய உப்பு. அதன் கீழே வெற்றிடம்! உப்பு நீரைத் தொடாமல் பாலம்போல் நின்றிருந்தது. கட்டியை உடைத்துவிட்டு மீளுருவாக்கத்தைக் கையால் இயக்கினோம். மறுநாள் நுரை வந்தது.

அன்று தொடக்கம் ராத்தா கடைப்பிடிப்பவை இவை:

மாதம் ஒருமுறை தடியால் குத்திப் பார்த்தல். உப்பு தொட்டியின் கால்வாசிக்குக் கீழே இறங்காமலும் விளிம்புவரை நிரம்பாமலும் பார்த்தல். தூள் உப்பைத் தவிர்த்து, இவ்வியந்திரங்களுக்கென விற்கப்படும் குளிசை வடிவ உப்பையோ சுத்தமான கல்லுப்பையோ இடுதல். கல்லுப்பில் மண் இருந்தால் அடியில் சேறு படியும். ஆகவே வருடத்துக்கு ஒருமுறை தொட்டியைக் கழுவுதல். கலங்கல் நீர் வரும் வீடென்றால் இயந்திரத்துக்கு முன்னாலுள்ள வடிகட்டியையும் உரிய காலத்தில் மாற்றுதல். நீண்ட மின்வெட்டுக்குப் பின் இயந்திரத்தின் மணிக்கூட்டைச் சரிபார்த்தல். இல்லாவிட்டால் நள்ளிரவில் நடக்க வேண்டிய கழுவல், காலையில் எல்லோரும் குளிக்கும் நேரத்தில் நடக்கும்.

கணக்கும் வேண்டும். ஐவர் ஒரு நாளைக்கு 750 லீற்றர் பாவிப்பதாகவும், வன்மை 300 மில்லிகிராம் எனவும் கொள்வோம். நாளொன்றுக்கு 225 கிராம் வன்மையை நீக்க வேண்டும். மணிகள் ஒரு தடவையில் 1125 கிராமைத் தாங்குமாயின், ஐந்து நாளுக்கு ஒரு மீளுருவாக்கம் போதும். தினமும் நடக்குமாறு வைத்தால் உப்பும் நீரும் சாக்கடைக்கே போகும். ஓடும் ஆற்றில் வுழூச் செய்தாலும் வீண்விரயம் கூடாதென்ற நபிமொழியை அறிந்த நாம், இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கக் கடமைப்பட்டவர்கள்.

இயந்திரம் திருந்திய பின்னர்தான் பெரிய பிழை ஒன்று என் கண்ணில் பட்டது. ராத்தாவின் மாமிக்குப் பிரஷர் இருக்கிறது. உப்பைக் குறைக்கும்படி டொக்டர் சொல்லியிருந்தார். அவரோ, "மெசின் தண்ணி குடிச்சா கிட்னி வருத்தம் வராது மகள்" என்று சொல்லிச் சொல்லி அதையே குடித்துக்கொண்டிருந்தார்.

அவருடைய அச்சம் நியாயமானது. 1990களில் வடமத்திய மாகாணத்தில் கவனத்துக்கு வந்த, காரணம் அறியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய், நமது மாவட்டத்தின் கிராந்துருக்கோட்டையிலும் பல குடும்பங்களைப் பாதித்தது. அதன் காரணம் இன்னும் முடிவாகவில்லை. வன்மையும் புளோரைட்டும் சேர்ந்த கிணற்று நீர், ஆய்வாளர்கள் சந்தேகிக்கும் காரணங்களுள் ஒன்று. ஆனால் மென்னீராக்கும் இயந்திரம் புளோரைட்டை அகற்றாது, கிருமிகளைக் கொல்லாது. நீரைக் கொதிக்க வைத்தாலும் கிருமிகள் சாகுமே தவிரப் புளோரைட்டு போகாது. அதுமட்டுமன்று, 100 மில்லிகிராம் வன்மையை நீக்கும்போது லீற்றருக்குச் சுமார் 46 மில்லிகிராம் சோடியம் நீரில் சேர்கிறது. 300 மில்லிகிராம் வன்மையுள்ள நீரானால் 138 மில்லிகிராம். கறியில் உப்பைக் குறைத்த மாமி, தண்ணீரில் அதைக் கூட்டிக்கொண்டிருந்தார்.

புளோரைட்டையும் கரைந்த உப்புகளையும் பெரும்பாலும் அகற்றுவது, நுண்ணிய மென்சவ்வினூடாக நீரை அழுத்திச் செலுத்தும் ஆர்.ஓ. முறையே. சிறுநீரக நோய் பரவிய கிராமங்களில் பொதுக் குடிநீருக்காக நிறுவப்பட்ட நிலையங்கள் இவ்வகையானவை.

இவற்றை ஒரு கொப்பித் தாளில் எழுதிக் காட்டியபோது மாமி முதலில் நம்பவில்லை. "உப்புக் கரிக்குதே இல்லையே?" என்றார். அந்த அளவு சோடியம் நாக்குக்குத் தெரியாது என்று விளக்கினேன். டொக்டரிடமும் கேட்டார், அவரும் அதையே சொன்னார்.

இப்போது அந்த வீட்டில் குளிக்க, துவைக்க, வுழூச் செய்ய மென்னீர். மரக்கறித் தோட்டத்துக்கு இயந்திரத்தைத் தொடாத கிணற்று நீர். சோடியம் மண்ணை இறுகச் செய்யும். குடிக்கவும் சமைக்கவும் ஊர் ஆர்.ஓ. நிலையத்திலிருந்து கொண்டுவரும் கேன் தண்ணீர். உங்கள் வீட்டிலோ உறவினர் வீட்டிலோ இத்தகைய இயந்திரம் இருந்தால், உப்புத் தொட்டியைத் திறந்து பாருங்கள். அதைவிட முதலில், அந்த வீட்டார் எந்தக் குழாய்த் தண்ணீரைக் குடிக்கிறார்கள் என்று கேளுங்கள்.