பிள்ளைக்கு முதற் சொல் எது?

பாலர் வகுப்பிற் புதிதாய் வந்தமரும் பிள்ளைக்கு எந்தச் சொல்லை முதலில் எழுதிக் காட்டுதல் வேண்டும்? 'அ' என்றால் அம்மா, 'ஆ' என்றால் ஆடு என்று அரிவரி படித்த நமக்கு இவ்வினா சற்று வியப்பாகவே தோன்றும். தாயின் மடியிலே கேட்ட சொல்லே ஏட்டிலும் வந்து நிற்பதால், நம் பிள்ளைகட்கு அந்த முதற்படி அத்துணை உயரமாயிருப்பதில்லை. வீட்டில் ஒரு வாழ்வும் புத்தகத்தில் வேறொரு வாழ்வுமாய்க் காணும் பிள்ளையின் நிலை என்ன? இவ்வினாவுக்கு விடை தேடிய நியூசிலாந்துப் பெண்மணி ஒருவரைப் பற்றி இங்கே கூற விரும்புகின்றோம்.

சில்வியா அஷ்டன் வோர்னர் என்பது அவர் பெயர். 1908இற் பிறந்தவர். தந்தையார் நோயினால் முடங்கியவர். தாயார் நாட்டுப்புறப் பள்ளிகளில் ஆசிரியையாயிருந்து பெருங் குடும்பத்தைத் தாங்கினார். பியானோ வாசிப்பதிலும் ஓவியம் வரைவதிலும் எழுதுவதிலுமே சில்வியாவின் உள்ளம் சென்றது. ஆசிரியத் தொழிலை அவர் விரும்பி ஏற்றவரல்லர். இதனை அவரே ஒளியாது எழுதியிருக்கின்றார். ஆசிரியர் ஒருவரை மணந்து, மாவோரி மக்கள் வாழும் ஒதுக்குப்புறக் கிராமங்கள் பலவற்றில் அவரோடு பணியாற்றிய பின், 1949இல் ஹோக்ஸ் பே பகுதியிலுள்ள ஃபேர்ன்ஹில் என்னும் ஊருக்கு வந்து சேர்ந்தார். கணவர் தலைமையாசிரியர், அம்மையார் பாலர் வகுப்பு ஆசிரியை. ஐந்து வயதுப் பிள்ளைகள், பெரும்பாலும் மாவோரிகள், அவர் முன் அமர்ந்தனர்.

அக்காலத்தில் நியூசிலாந்துப் பள்ளிகளிலே 'ஜனற்றும் ஜோனும்' என்னும் ஆங்கில வாசிப்புப் புத்தக வரிசை வழங்கியது. அமெரிக்க வரிசையொன்றைத் திருத்தி 1949இல் இங்கிலாந்தில் வெளியிட்டது அது. நேர்த்தியாய் உடுத்த இரு பிள்ளைகள், ஒரு நாய்க்குட்டி, ஒரு பூனைக்குட்டி, விளையாட்டுப் பொருள்கள், ஒழுங்கான தோட்டம். 'வா', 'பார்' என்ற பொருள்படும் சிறு ஆங்கிலச் சொற்கள் பக்கந்தோறும் திரும்பத் திரும்ப வரும். ஜனற்றின் வீட்டில் எவரும் அழுவதில்லை. எவரும் எவரையும் அஞ்சுவதில்லை. அம்மையார் வருணிக்கும் மாவோரி வீடோ பாட்டும் கூத்தும், அணைப்பும் அடியும், சண்டையும் சமாதானமும் நிறைந்தது. அவ்வீட்டிலிருந்து வரும் பிள்ளைக்கு ஜனற் யார்? பனியையே கண்டறியாத ஊரிலிருந்து பனிமனிதனைப் பற்றி ஆங்கிலப் பாட்டுப் படித்த நம் வாசகர்கட்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

வகுப்பிலே ஒரு சிறுவன். மந்தமானவன் என்று பேர் வாங்கியவன். புத்தகத்திலுள்ள மூன்று சிறு சொற்களைக் கற்க அவனுக்கு நான்கு மாதங்கள் சென்றன என்கின்றார் அம்மையார். ஒருநாள் அவனை அருகழைத்து, எதற்கு நீ அஞ்சுகின்றாய் என்று கேட்டார். பொலிசுக்கு, என்றான் சிறுவன். ஏன் என்று கேட்க, அவர்கள் தன்னைச் சிறைக்குக் கொண்டுபோய்க் கத்தியால் வெட்டிவிடுவார்கள் என்றான். பொலிசு, சிறை, கத்தி என்னும் சொற்களையும், அழுகை, முத்தம், அம்மா, அப்பா முதலிய வேறு சில சொற்களையும் தனித்தனி அட்டைகளில் ஆங்கிலத்தில் எழுதி அவன் கையிற் கொடுத்தார் ஆசிரியை. சில நிமிடங்களில் அவன் அனைத்தையும் வாசித்தான்! ஆங்கிலத்திலே அச்சொற்களின் எழுத்தமைப்பு 'வா', 'பார்' என்பவற்றினும் கடினமானது என்பதை மறத்தலாகாது. சொல் சிறிதா பெரிதா என்பதன்று கணக்கு. அச்சொல் பிள்ளையின் நெஞ்சிலே முன்னரே குடியிருக்கின்றதா என்பதே கணக்கு.

அன்றுமுதல் வகுப்பின் முறை மாறிற்று. காலையில் ஒவ்வொரு பிள்ளையும் ஆசிரியையிடம் வந்து தனக்கு வேண்டிய சொல்லைக் கேட்கும். அவர் அதனைத் தடித்த அட்டையொன்றிற் பெரிதாய் எழுதிக் கொடுப்பார். பிள்ளை எழுத்துக்களின்மேல் விரலோட்டிப் பார்க்கும். மறுநாட் காலை எல்லா அட்டைகளையும் நிலத்திற் கொட்டிவிடுவார். பிள்ளைகள் முண்டியடித்துத் தத்தம் சொற்களைத் தேடி எடுப்பர்; பின்பு இருவர் இருவராயிருந்து ஒருவர்க்கொருவர் வாசித்துக் காட்டுவர். எடுத்து வாசிக்க இயலாத அட்டையை ஆசிரியை அப்புறப்படுத்திவிடுவார். பிள்ளை மறந்துவிட்டதென்று கடிந்துகொள்வதில்லை. அச்சொல் அதன் சொந்தச் சொல்லன்று, நாம் தவறிக் கொடுத்தோம் என்பது அவர் முடிபு. ஒருமுறை கண்டமட்டில் மனத்திற் பதிவதே மெய்யான சொல் என அவர் கொண்டார். பிள்ளைகள் கேட்ட சொற்களுள் ஆற்றல் மிக்கவை இரண்டு என்பர்: ஒன்று பேய், மற்றொன்று முத்தம். அச்சமும் அன்பும் ஐந்து வயது உள்ளத்தை எவ்வளவு நிறைத்துள்ளன என்பதை இதனினும் தெளிவாய் எந்த நூல் கூறும்?

சொற்கள் நாற்பதளவு சேர்ந்தபின் பிள்ளை தானே எழுதத் தொடங்கும். நேற்றிரவு வீட்டில் நடந்தது, தம்பி விழுந்தது, பாட்டி ஏசியது, யாவும் ஏட்டில் வரும். ஒருவர் எழுதியதை மற்றவர் வாசிப்பர். அதுவே அன்றைய வாசிப்புப் பாடம். வகுப்பில் இரைச்சல் மிகுந்திருந்ததென்பதில் ஐயமில்லை. அமைதி வேண்டியபோது அம்மையார் பியானோவில் பேத்தோவனின் ஐந்தாம் சிம்பொனியின் முதல் எட்டுச் சுரங்களை வாசிப்பார். எல்லாரும் கையிலிருந்ததை நிறுத்தி அவரை நோக்குவர். பிரம்பைக் காட்டிலும் இது நன்று என்று நமக்குத் தோன்றுகின்றது.

1963இல் 'ஆசிரியை' என்று பொருள்படும் பெயரில் இவ்வனுபவங்கள் நியூயோர்க் நகரில் நூலாயின. அதற்கு முன்னரே, 1958இல், அவர் எழுதிய நாவல் புகழ்பெற்று, 1961இல் ஹொலிவூட் திரைப்படமாகவும் வந்தது. அம்மையாரின் கூற்றுக்கள் அனைத்தையும் அப்படியே ஏற்றல் கூடாது; தம் வாழ்வைக் கதையாக்கிக் காணும் இயல்பு அவருக்கு மிகுதி என்பதை 1988இல் அவர் வரலாற்றை எழுதிய லின்லி ஹூட் காட்டியுள்ளார். ஒரு வகுப்பறையில் ஓர் ஆசிரியை கண்டது ஆராய்ச்சியாகுமா என்று கேட்பாரும் உளர்.

ஆராய்ச்சி பின்னர் வந்தது. ஓக்லாந்துப் பல்கலைக்கழகத்து மேரி கிளே, பள்ளிக்குப் புதிதாய் வந்த நூறு பிள்ளைகளை அவர்களது முதலாண்டு முழுவதும் வாரந்தோறும் கவனித்து, ஒவ்வொரு பிள்ளையும் வாசிக்குங்கால் என்ன செய்கின்றது என்று குறித்து, 1966இல் தமது ஆய்வை முடித்தார். 1976இல் அவர் வெளியிட்ட கட்டுரையொன்று நம்மைப் பெரிதும் சிந்திக்க வைக்கின்றது. சமோவத் தீவுகளிலிருந்து குடியேறியவர்களின் பிள்ளைகள், ஆங்கிலப் பேச்சிற் பின்தங்கியிருந்தும், ஆங்கில வாசிப்பில் மாவோரிப் பிள்ளைகளைவிட நன்கு முன்னேறினர். அவ்வீடுகளில் நடப்பதையும் கிளே எடுத்துக் காட்டினார். வேதாகமத்தை உரக்க வாசித்தல் அங்கே வழக்கம். ஊரிலிருந்து கடிதம் வரும், மறுமொழி எழுதப்படும். எழுத்து என்பது உயிருள்ளவர் பேசுவது என்பதை அப்பிள்ளைகள் தம் தாய்மொழியிலேயே அறிந்திருந்தனர்.

மாவோரி வீடுகளில் இந்நிலை ஏன் இல்லை? 1867ஆம் ஆண்டுச் சட்டத்தால் மாவோரிக் கிராமங்களில் ஆங்கிலப் பள்ளிகள் எழுந்தன. அப்பள்ளிகள் பலவற்றிலே மாவோரி பேசிய பிள்ளை அடிபட்டது. அடிபட்டவர்கள் தாமே பெற்றோரானபோது, தம் மக்களும் அத்துன்பம் படலாகாதென்று வீட்டிலும் தம் மொழியை விட்டனர். அன்பினாலே செய்த செயல் அது. பிள்ளைக்கு ஆங்கிலம் வரவேண்டுமென்று வீட்டில் தமிழை நிறுத்திவிடும் பெற்றோரை நாமும் அறிவோம். அவர்களையும் அன்பில்லாதவர் என்று கூறவொண்ணாது. ஆயின் மாவோரிப் பிள்ளைக்குக் கிடைத்தது என்ன? பாட்டியின் மொழி போயிற்று. ஜனற்றின் மொழியும் முழுதாய் வந்து சேரவில்லை. ஃபேர்ன்ஹில் வகுப்பறையில் அட்டைகளிற் காணப்பட்டவை பிள்ளையின் உள்ளத்துச் சொற்களே எனினும், அவையும் ஆங்கிலச் சொற்களே. பிள்ளையை அதன் உலகிலிருந்து மறுகரைக்கு அழைத்துச் செல்லும் பாலம் ஒன்றையே அம்மையார் கட்டினார். இக்கரை தேய்ந்துகொண்டிருப்பதை அவர் போதிய அளவு எண்ணினாரா என்பது நம் ஐயம்.

1972இல் முப்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் ஒப்பமிட்ட விண்ணப்பம் ஒன்று பாராளுமன்றத்தின் முன் வந்தது. பள்ளிகளில் மாவோரி மொழி கற்பிக்கப்படல் வேண்டும் என்பது அதன் கோரிக்கை. 1987இல் மாவோரி அந்நாட்டின் ஆட்சிமொழிகளுள் ஒன்றாயிற்று. இவ்விரண்டுக்கும் இடையே, 1982இல், வெலிங்டன் நகருக்கு அணித்தான வைனுயோமாட்டா என்னுமிடத்தில் முதலாவது 'மொழிக்கூடு' திறக்கப்பட்டது. பள்ளி செல்லும் வயதெய்தாத குழந்தைகள் நாள் முழுதும் மாவோரி மட்டுமே கேட்டு விளையாடும் இடம் அது. இளந்தாய்மார் பலர்க்கு அம்மொழி தெரியாது. ஆதலின் மொழிக்கூடுகளிற் குழந்தைகளோடு பேசப் பாட்டிமாரையே அழைத்தனர். அப்பாட்டிமாருட் பலர், தாம் சிறுமியராயிருந்தபோது, அதே மொழியைப் பேசியதற்காகப் பள்ளியில் அடிவாங்கியவர்கள்.