மூலமும் திருத்தமும்

நூலகத்திலிருந்து எடுத்த நூலின் ஓரங்களில் மாணவன் ஒருவன் தன் குறிப்புகளை எழுதிவைத்தான். மறு ஆண்டில் அந்நூலின் திருந்திய பதிப்பு வந்தது. நூலகர் பழைய படியை நீக்கிவிட்டுப் புதியதை வைத்தார். பழைய படியோடு அவன் குறிப்புகளும் போயின. அவனுடைய தோழியோ, பாடத்தலைப்பைக் குறித்துத் தன் ஏட்டில் தனியே எழுதியிருந்தாள். புதிய பதிப்பும் அவளுக்குக் கிடைத்தது; அவள் குறிப்புகளும் அழியவில்லை.

கணினியிலும் இத்தகைய சிக்கல் உண்டு. கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருளை இயங்குதளம் என்கிறோம். 1991ஆம் ஆண்டில் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு பல இயங்குதளங்கள் தோன்றியுள்ளன. அவற்றில் ஒரு நிரல் எவ்வாறு நடக்க வேண்டும் என்பதை அமைவுக் கோப்பு கூறும். இக்கோப்புகள் நெடுங்காலமாக 'எட்சி' என்னும் கோப்புறையில் வைக்கப்படுகின்றன.

ஒரே கோப்பில் நிரலை ஆக்கியவரும் எழுதுகிறார், பயனரும் திருத்துகிறார். நிரலின் புதிய பதிப்பு வரும்போது எதை வைத்துக்கொள்வது? புதிய கோப்பை வைத்தால் பயனரின் திருத்தங்கள் அழியும். பழைய கோப்பை வைத்தால் ஆக்கியவர் செய்த சீர்திருத்தங்கள் வந்து சேரா. டெபியன் என்னும் இயங்குதளம் இத்தகைய வேளையில், "எதை வைத்துக்கொள்வது?" என்று பயனரையே வினவும். ஆனால், நூறு கணினிகளைப் பராமரிப்பவர் ஒவ்வொன்றின்முன்னும் அமர்ந்து விடை கூற இயலுமா?

இதற்கு ஏற்ற வழி, இருவருக்கும் இடத்தைப் பிரித்துக் கொடுப்பதாகும். 2010ஆம் ஆண்டில் வெளிவந்த 'சிஸ்டம்டி' என்னும் மென்பொருள் இவ்வழியைப் பின்பற்றுகிறது. ஆக்கியவரின் கோப்பு 'யூஎஸ்ஆர்' கோப்புறைக்குள் இருக்கும். பயனரின் கோப்பு 'எட்சி'யில் இருக்கும். இரண்டும் முரண்படும் இடத்தில் பயனரின் சொல்லே செல்லும்.

சான்றாக, மடிக்கணினியின் திரையை மடித்தால் அது உறக்கநிலைக்குச் செல்வது இயல்பான அமைவு. மடித்த பின்னும் அது விழித்திருக்க வேண்டும் என விரும்புபவர், அதற்குரிய அமைவை மட்டும் தம் கோப்பில் எழுதினால் போதும். முழுக் கோப்பையும் படியெடுத்தல் கூடாது. எடுத்தால், பின்னர் வரும் சீர்திருத்தங்களை அப்பழைய படி மறைத்துவிடும். திருத்தம் வேண்டாம் எனில் தம் கோப்பை நீக்கிவிடலாம். அடுத்த முறை கணினியைத் தொடங்கும்போது மூல அமைவு மீண்டும் நடைமுறைக்கு வரும்.

மூலத்தின்மேல் எழுதாமல் அதன் அருகில் எழுதுவோர்க்கு இழப்பில்லை. தாம் மாற்றியது எது என்பதும் அவர்களுக்கு எப்போதும் தெரிந்திருக்கும்.

சொற்பொருள்

படி – பிரதி
முரண்படுதல் – மாறுபடுதல்
பயனர் – பயன்படுத்துபவர்

வினாக்கள்

1. மாணவனின் குறிப்புகள் ஏன் அழிந்தன?
2. பயனர் முழுக் கோப்பையும் படியெடுத்தால் நேரும் தீமை யாது?
3. உம் வீட்டில் மூலத்தைக் காத்துக்கொண்டே திருத்தம் செய்யத்தக்க ஒன்றைக் கூறி, அதற்கான வழியை ஐந்து வரிகளில் எழுதுக.