அடை வைப்பதில் கூட்டு முயற்சி

நாட்டுக்கோழி 21 நாள் அடை கிடந்தும் பாதி கூமுட்டையானால், குஞ்சும் குறைவு; நாளும் வீண். பக்கத்து வீட்டாருடன் சேர்ந்தால் இந்த நட்டத்தைக் குறைக்கலாம்.

இரு வீட்டுக் கோழிகளையும் ஒரே நாளில் அடை வையுங்கள். ஒரு கோழிக்கு 10 முதல் 12 முட்டை போதும். இட்டு ஒரு வாரத்துக்கு மேற்படாத, கீறலில்லாத முட்டைகளை எடுத்து, யாருடையவை என்று பென்சிலால் குறியிடவும்.

7-ஆம் நாள் இருட்டறையில் டார்ச் வெளிச்சத்தில் முட்டைகளைப் பாருங்கள். கரு கூடியதில் சிவந்த நரம்புகள் சிலந்திவலை போல் தெரியும். தெளிவாக இருப்பதை நீக்கிவிடவும். மீதி ஒரு கோழிக்கு அடங்குமானால் அதனிடமே வைத்து, மற்றக் கோழியின் அடையைத் தெளிய வைக்கலாம். அது முன்னதாகவே முட்டைக்கு வரும். கரு கூடிய முட்டைக் கணக்குப்படி குஞ்சுகளைப் பங்கிட்டுக்கொள்ளலாம்.