வராத அலையும் வரக்கூடிய அலையும்

“போன முறை ஓடினம், ஒண்டும் வரேல்லையே.” தீவகத்தில் சுனாமிப் பேச்சு எழும்போதெல்லாம் மாணவர் வாயிலும் அவர்களின் வாப்பாமார் வாயிலும் நான் கேட்கும் சொல் இது. ‘போன முறை’ என்பது 2012 ஏப்ரல் 11. அந்த நாளை நாம் சரியாக விளங்கிக்கொள்ளாவிட்டால் அடுத்த எச்சரிக்கைக்கு யாரும் அசையமாட்டோம்.

அன்று பிற்பகல் 2 மணி தாண்டியதும் சுமாத்திராவுக்கு மேற்கே கடலடியில் 8.6 அளவில் நிலம் நடுங்கியது. இரண்டு மணித்தியாலம் கழித்து 8.2 அளவில் இன்னொன்று. இலங்கையின் கரையோர மக்களை உள்ளே போகும்படி அறிவித்தார்கள். 2004 இன் காயம் ஆறாத சனம் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியது. மாலையில் எச்சரிக்கை விலக்கப்பட்டது. சுமாத்திராக் கரையிலேகூட ஏறத்தாழ 1 மீற்றர் அலைதான் பதிவானது.

காரணம் எளிது. நீர் நிரம்பிய வாளியின் அடியில் உள்ளங்கையை வைத்து வெடுக்கென மேலே தூக்கினால் நீர் பொங்கும். அதே கையைப் பக்கவாட்டில் நகர்த்தினால் மேற்பரப்பு பெரிதாக அசையாது. 2004 இல் கடலடி மேலே தூக்கப்பட்டது. 2012 இல் பாறைத்தட்டு பெரும்பாலும் பக்கவாட்டில் வழுக்கியது. நடுக்கத்தின் அளவும் இடமும் சில நிமிடங்களில் தெரிந்துவிடும். அலை எழுந்ததா என்பதைக் கடல்மட்ட அளவிகளும் மிதவைகளும் சொல்லும்வரை காத்திருக்க வேண்டும். ஆகவே எச்சரிக்கை முந்தி வரும், உறுதி பிந்தி வரும். அதைப் பொய் என்பது தவறு.

பேரழிவுக்கு மனிதன் தேடும் முதற் காரணம் குற்றம். தமிழில் இது பழைய வழக்கம். இந்திர விழாவைச் சோழன் மறந்ததால் புகாரைக் கடல் கொண்டது என்கிறது மணிமேகலை. அக்காப்பியத்தின் மணிபல்லவத்தை நயினாதீவு என்று கொள்வோரும் உண்டு. 2004 இலும் இதுதான் நடந்தது. களுத்துறையில் அலை பின்வாங்கியபோது எடுத்த செய்மதிப் படத்தில் அல்லாஹ்வின் பெயர் தெரிகிறது என்று நம்மவர் கைக்குக் கை மாற்றினார்கள். உள்ளே புகுந்த நீர் திரும்பும்போது சுழிப்பது இயல்பு. அந்தச் சுழியில் எழுத்தைக் கண்டது நம் கண். இதைத் தண்டனை என்று விளக்கியவர்களிடம் ஒன்று கேட்கலாம்: மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் அலை கொண்டுபோன பச்சைப் பிள்ளைகள் என்ன குற்றம் செய்தார்கள்? இறைவனின் நாட்டத்தை ஏற்பது ஈமான். இறந்தவர்மேல் தீர்ப்பு எழுதுவது நம் வேலையல்ல.

இன்னொரு நம்பிக்கை, “எங்கட கடல் ஆழமில்லை, அலை வராது” என்பது. இதில் பாதி உண்மை. 2004 இல் யாழ் மாவட்டத்தின் பேரழிவு திறந்த கடலைப் பார்த்திருக்கும் வடமராட்சி கிழக்கில்தான், மருதங்கேணி, உடுத்துறை, மணற்காட்டுப் பக்கம். மேற்கேயுள்ள நம் தீவுகளுக்குக் குடாநாடே மறைப்பு. அகன்ற ஆழமற்ற பரப்பில் அலை தரையோடு உரசி வலுவிழக்கும். ஆனால் புயல் வந்தால் கணக்கு மாறும். ஆழமற்ற கடலில் காற்றுத் தள்ளும் நீர் கீழே இறங்க இடமின்றிக் கரையில் குவியும். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்தது அப்படி எழுந்த நீர்தான். அது நமது கடல்தான்.

ஊர்காவற்றுறையிலோ நெடுந்தீவிலோ ஏறி நிற்கக் குன்று இல்லை. நயினாதீவாரும் நெடுந்தீவாரும் குறிகட்டுவானுக்கு வரவே படகேற வேண்டும். எனவே “மேட்டுக்குப் போங்கள்” என்ற பொது அறிவுரை நமக்குப் போதாது. உறுதியான மாடிக் கட்டடம் எது, நடக்க முடியாத முதியவரை யார் தூக்குவது என்பதை ஊர் முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டும். ஐயம் வந்தால் அயலவரைக் கேட்காமல் இடர் முகாமைத்துவ நிலையத்தின் 117 ஐ அழைக்க வேண்டும். வேடிக்கை பார்க்கக் கரைக்குப் போகக்கூடாது. முதல் அலை போனதும் திரும்பவும் கூடாது, அடுத்தது பெரிதாக இருக்கலாம்.

நயினாதீவில் பள்ளிவாசலும் கோயிலும் விகாரையும் இருக்கின்றன. மூன்றிலும் ஒலிபெருக்கி உண்டு. கிராம அலுவலரிடமிருந்து செய்தி வந்தால் மூன்றும் ஒரே வாசகத்தை, தமிழிலும் சிங்களத்திலும் சொல்ல ஒரு ஏற்பாடு போதும். பள்ளி நிருவாகிகள் மற்ற இரு இடத்தாரோடும் ஒரு மாலை இருந்து பேசினால் முடிகிற காரியம் இது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தானே தவக்குல்?