இலையும் இரும்பும் எழுதிய கிண்ணங்கள்

பூவையும் பறவையையும் மட்கலத்தின்மேல் தூரிகையால் தீட்டும் வழக்கம் உலகின் பல பகுதிகளிலும் உண்டு. ஆனால் சீனத்தில் சொங் அரச மரபின் காலத்தில் (960–1279) கையால் வனையப்பட்ட இருவகைக் கருநிறத் தேநீர்க் கிண்ணங்களில் தூரிகைக்கு இடமே இல்லை. இயற்கையின் சாயலைத் தோற்றுவிக்கும் பொறுப்பை மண்ணிடமும் நெருப்பிடமும் குயவர்கள் ஒப்படைத்ததால், இயற்கையைத் தழுவிய மட்கலைக்கு இவற்றினும் ஆழ்ந்த சான்று காண்பது அரிது.

முதல்வகை, ஃபூஜியன் மாகாணத்தின் ஜியன்யாங் பகுதியில், மலைச்சரிவில் நூறு மீட்டருக்கும் மேல் நீண்டு ஏறிய சூளைகளில் சுடப்பட்ட ஜியன் கிண்ணங்கள். இரும்புச்சத்து மிகுந்த களிமண்ணைத் திரிகையில் வனைந்து, அதன்மேல் இரும்பு கலந்த மெருகை, அதாவது சூளையின் வெப்பத்தில் உருகிக் கண்ணாடிப் படலமாக ஒட்டிக்கொள்ளும் தாதுக் குழம்பை, தடிப்பாகப் பூசினர். வெப்பம் 1,200 பாகை செல்சியசைக் கடந்து மேலும் ஏறும்போது, மெருகிலுள்ள இரும்பு ஆக்சைடு தன் ஆக்சிஜனில் ஒரு பகுதியை வெளியிடுகிறது. அந்த வாயு குமிழிகளாக எழுந்து, இரும்பையும் உடன் இழுத்து வந்து மேற்பரப்பில் உடைகிறது. வந்த இரும்பு அங்கேயே தங்கினால் வெள்ளிநிற எண்ணெய்த்துளிப் புள்ளிகள் தோன்றுகின்றன. மெருகு மேலும் இளகி வழிந்தாலோ, அப்புள்ளிகள் நீண்டு முயல்மயிர் எனப் பெயர்பெற்ற பழுப்பு இழைகளாகின்றன. வழிந்த மெருகு அடிவளையத்தை எட்டுமுன் உறைந்து, தடித்த துளியாகத் தொங்கி நிற்பதை இக்கிண்ணங்கள் பலவற்றில் காணலாம். தேயிலைப் பொடியை வெந்நீரில் நுரைக்க அடித்துப் பருகிய அக்காலத்தில் வெண்ணுரை எடுப்பாகத் தெரியக் கருங்கிண்ணமே ஏற்றது. 1107ஆம் ஆண்டையொட்டித் தேநீர் பற்றி நூல் எழுதிய பேரரசர் ஹுய்சொங்கும் முயல்மயிர் இழையோடும் கருங்கிண்ணத்தையே உயர்வாகப் போற்றினார். ஆய்வகத்தில் தூய நிலையில் உருவாக்குவதற்கு அரிதான ஒருவகை இரும்பு ஆக்சைடுப் படிகம் இந்த மெருகில் இருப்பதை 2014இல் வெளியான ஆய்வு காட்டியது.

இரண்டாம் வகை, ஜியாங்சி மாகாணத்தின் ஜிஜோ சூளைகளில் பிறந்த இலைக் கிண்ணம். இங்கே வரையப்பட்ட இலை ஒன்றும் இல்லை. மெருகு பூசிய கிண்ணத்துள் உண்மையான இலையொன்றைப் படியவைத்து அப்படியே சூளையில் ஏற்றினர். இலையின் கரிமப்பொருள் முழுவதும் எரிந்துபோக, நரம்புகளிலும் பரப்பிலும் இருந்த சுண்ணாம்பு, பொட்டாசியம் முதலிய தாதுக்கள் மட்டும் சாம்பலாக எஞ்சி, உருகிய கருமெருகோடு கலந்து, பட்ட இடத்தின் நிறத்தை மாற்றிவிடுகின்றன. கிளை நரம்புகூடத் தெளிவாகத் தெரியும்படி இலையின் வடிவம் கருமையின் நடுவே வெளிர்மஞ்சளாகப் பதிந்துவிடுகிறது. இவ்வகையில் புகழ்பெற்ற கிண்ணமொன்று ஜப்பானின் ஒசாகா நகரிலுள்ள கீழைத்தேய மட்கல அருங்காட்சியகத்தில் பேணப்படுகிறது.

செய்முறை எளிதுபோலத் தோன்றினாலும், காய்ந்த இலை சுருண்டு எழுந்தால் உருவம் சிதையும். வெப்பம் சற்று மிகுந்தால் மெருகு ஓடி நரம்புகள் கலங்கிவிடும். அதே சூளைகளில் காகித வெட்டுருக்களை வைத்தும் அலங்கரித்தனர். ஒரே வடிவத்தில் எத்தனை காகிதம் வேண்டுமானாலும் வெட்டலாம் என்பதால் அவ்வணி திரும்பத் திரும்ப வரக்கூடியது. இலைக் கிண்ணத்துக்கோ ஒவ்வொரு முறையும் புதிய இலை வேண்டும், அதன் நரம்பமைப்பும் வேறாகவே இருக்கும்.