சத்திரசிகிச்சையும் மணிக்கட்டு நாடியும்

பாரிய சத்திரசிகிச்சையின்போது குருதியமுக்கம் கணத்துக்குக் கணம் மாறவல்லது. இடைவிட்டு அளக்கும் புயப்பட்டி அம்மாற்றத்தை உடனே உணர்த்தாது. ஆதலின், நாடியொன்றினுள் நுண்குழாயைச் செலுத்தி அமுக்கத்தை இடையறாது அளப்பர். எந்நாடியைத் தெரிவது என்பதே வினா.

சித்த வைத்தியர் விரல்வைத்து நாடி பார்க்கும் மணிக்கட்டின் ஆரை நாடியே பெரும்பாலும் முதலிடம் பெறும். அது தோலுக்கு அண்மையிலுள்ளது. எலும்பின்மீது அமைந்தமையால் அழுத்திக் குருதிப்பெருக்கை நிறுத்தலும் எளிது. இவற்றினும் சிறந்த காரணம் ஒன்றுண்டு. அது அடைபடினும், அரந்தி நாடி உள்ளங்கையின் நாடிவில் வழியே கைக்குக் குருதி ஊட்டும். முழங்கை மடிப்பிலுள்ள புயநாடி பெரிதாயினும், அதற்கு இத்தகைய துணை குறைவு.

அரந்தி நாடியின் ஆற்றலை அறியப் பயன்படுவது, எட்கார் அலன் 1929இல் விபரித்துப் பின்னர்ப் பிறர் திருத்திய சோதனை. இரு நாடிகளையும் அழுத்திக் கையை வெளிறச்செய்து, அரந்தி நாடியை மட்டும் விடுவித்துச் செம்மை மீளுகின்றதா எனப் பார்ப்பர். எனினும், அது முற்றும் நம்பத்தக்கதன்று. குழாய் இட்டபின்னும் விரல்களின் நிறத்தையும் வெம்மையையும் நோக்கல் வேண்டும்.

அதிர்ச்சியால் மணிக்கட்டுத் துடிப்பு ஒடுங்கியவிடத்துப் பெருநாடிக்கு அண்மையதான தொடை நாடி கைகொடுக்கும். எவ்விடத்தும், நாடி அடைபட்டால் உறுப்புப் பிழைக்குமா என்னும் வினாவே தெரிவின் உரைகல்லாகும்.